சல்வடோர் சான்செஸ்: 23 வயதுக்குள் முடித்துவைத்த கணக்கு

மட்டக்களப்பில் குத்துச்சண்டை பற்றிப் பேச்சு வந்தால் அது முகமது அலியில் தொடங்கி மைக் டைசனில் முடிந்துவிடும். இருவரும் பார எடைக்காரர்கள். எடை குறைந்த பிரிவுகளில் சண்டையிட்டவர்களின் பெயர்கள் எமது பக்கம் அதிகம் வந்து சேரவில்லை. இத்தனைக்கும், இன்றைய பொதுநலவாய விளையாட்டுகளின் முன்னோடியான பேரரசு விளையாட்டுப் போட்டியில், 1938இல் சிட்னியில், இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர் ஒரு குத்துச்சண்டை வீரர்தான். பார்னி ஹென்ரிகஸ் என்ற பறங்கியர். அவர் வென்றது பெதர்வெய்ட் பிரிவில்.

அதே பிரிவில் பிற்காலத்தில் தொழில்முறை உலக சம்பியனாக இருந்தவர் மெக்ஸிகோவின் சல்வடோர் சான்செஸ். அந்தப் பிரிவின் உச்சவரம்பு 126 இறாத்தல், ஏறத்தாழ 57 கிலோ. எங்கள் வாவியில் வலை இழுக்கும் இளைஞர்கள் பலரின் எடை அது. எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது யூடியூப். ஒரு பழைய சண்டையின் பதிவைத் தற்செயலாகப் பார்க்கத் தொடங்கி, அடுத்த சில வாரங்களில் மற்றவற்றையும் தேடித் தேடிப் பார்த்தேன்.

ஒரே ஒரு தோல்வி

1959 ஜனவரி 26 அன்று மெக்ஸிகோ மாநிலத்தின் சந்தியாகோ தியாங்கிஸ்தெங்கோ என்ற ஊரில் சான்செஸ் பிறந்தார். 1975இல், 16 வயதிலேயே, பணத்துக்குச் சண்டையிடும் தொழில்முறை வீரராகிவிட்டார். தொடர்ந்து வென்றுகொண்டிருந்தவர் 1977 செப்டெம்பரில் மெக்ஸிகோவின் பான்டம்வெய்ட் தேசியப் பட்டத்துக்காக அன்டோனியோ பெசேராவுடன் மோதினார். நடுவர்களின் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. பெரும்பான்மை பெசேராவின் பக்கம் இருந்தது. அப்போது சான்செஸுக்கு 18 வயது. அதன் பிறகு அவர் ஒருவரிடமும் தோற்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு சண்டை சமநிலையில் முடிந்தது, அவ்வளவுதான்.

பின்னர் அவர் மேலே, பெதர்வெய்ட்டுக்கு வந்தார். அங்கே உலகக் குத்துச்சண்டைப் பேரவையின் பட்டத்தை வைத்திருந்தவர் அமெரிக்கரான டனி லோபஸ். விழுந்தாலும் எழுந்து வந்து எதிராளியை வீழ்த்திவிடுபவர் என்று பெயர் பெற்றவர். பட்டத்தை எட்டுத் தடவை தக்கவைத்திருந்தார். 1980 பெப்ரவரி 2 அன்று அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் அவரைச் சந்தித்தபோது சான்செஸுக்கு 21 வயது நிறைந்து ஒரு வாரம்தான். லோபஸ் முன்னேறி வர வர, சான்செஸ் பின்னால் நகர்ந்து எதிர்க்குத்துகளைப் போட்டுக்கொண்டே இருந்தார். 13ஆவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். நான்கு மாதங்கள் கழித்து மறுபடி மோதியபோதும் அதே கதைதான். இம்முறை 14ஆவது சுற்று.

அக்காலத்தில் உலகப் பட்டச் சண்டை 15 சுற்றுகள் கொண்டது. சான்செஸின் பலமே கடைசிச் சுற்றுகள்தான். முதல் சுற்றுகளில் எதிராளி எப்படி வருகிறார், எந்தக் கையைத் தாழ்த்துகிறார் என்று பார்த்துக்கொள்வார். மற்றவர் களைக்கும் நேரத்தில் இவருடைய கை வேகமெடுக்கும். எல்லாச் சண்டையும் சுலபமாக அமையவில்லை. கயானாவின் பெட்ரிக் போர்ட், இங்கிலாந்தின் பெட் கௌடெல் இருவரும் 15 சுற்றும் நின்று அவரைத் திணறடித்தார்கள். கௌடெலுடனான சண்டையில் கடைசிச் சுற்றில் அவரை ஒரு தடவை விழுத்தியும், நடுவர்களின் தீர்ப்பு ஒருமித்து வரவில்லை.

கோமஸும் நெல்சனும்

அவருடைய பெயரை உலகம் முழுக்கச் சொல்லவைத்தது 1981 ஒகஸ்ட் 21. லாஸ் வேகாஸில் எதிரே நின்றவர் புவர்ட்டோ ரிக்கோவின் வில்பிரடோ கோமஸ். ஒரு படி கீழுள்ள பிரிவின் உலக சம்பியன். முதல் சண்டையில் மட்டும் சமநிலை. பின்னர் 32 வெற்றிகள், முப்பத்திரண்டும் நொக்அவுட். மெக்ஸிகோவுக்கும் புவர்ட்டோ ரிக்கோவுக்கும் இடையிலான குத்துச்சண்டைப் பகை, நமக்கு இந்தியா – பாகிஸ்தான் கிரிக்கெட் மாதிரி. கோமஸ்தான் வெல்வார் என்று பலர் நம்பினார்கள். முதல் சுற்றிலேயே சான்செஸ் அவரைக் கீழே விழுத்தினார். கோமஸ் எழுந்து துணிச்சலாகத்தான் போராடினார். ஆனால் சுற்றுக்குச் சுற்று முகம் வீங்கிக் கண்கள் மூடத் தொடங்கின. எட்டாவது சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டது.

1982 ஜூலை 21 அன்று நியூயோர்க்கின் மடிசன் ஸ்குயர் கார்டனில் ஒன்பதாவது தடவையாகப் பட்டத்தைக் காக்க இறங்கினார். எதிராளியாகக் குறிக்கப்பட்டிருந்தவர் வராததால் கடைசி நேரத்தில் கானாவின் அசுமா நெல்சனைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அவரை அறிந்தவர் குறைவு. அவரும் இளைஞர், சான்செஸை விட ஆறு மாதங்களே மூத்தவர். நெல்சன் சுற்றுக்குச் சுற்று நெருக்கினார். 15ஆவது சுற்றில்தான் சான்செஸால் அவரை நிறுத்த முடிந்தது.

அதுவே கடைசிச் சண்டை. அடுத்த சண்டைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், 22 நாட்கள் கழித்து, ஒகஸ்ட் 12 அதிகாலை கெரேதாரோவுக்கு வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் தன்னுடைய போர்ஷே காரை ஓட்டிச் சென்றவர் லொறியுடன் மோதி இறந்தார். மொத்தம் 46 சண்டைகள், 44 வெற்றிகள், அவற்றில் 32 நொக்அவுட். வயது 23.

பிறகு நடந்தது

அவர் விட்டுச்சென்ற பட்டம் எங்கே போனது என்று பாருங்கள். 1982 செப்டெம்பரில் அதை வென்றவர் ஹுவான் லாபோர்ட். 1984 மார்ச்சில் கோமஸ் அதை லாபோர்ட்டிடமிருந்து பறித்தார். அதே ஆண்டு டிசம்பரில் நெல்சன் கோமஸிடமிருந்து பறித்தார். மூவரும் சான்செஸிடம் தோற்றவர்கள். அவர்களில் நெல்சன் ஆபிரிக்காவின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் என்று இன்று மதிக்கப்படுகிறார். சான்செஸ் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1991இல், சர்வதேச குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

சான்செஸைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'இருந்திருந்தால்' என்ற சொல்லில் வந்து நிற்கும். இருந்திருந்தால் மேல் எடைக்குப் போயிருப்பார், இன்னும் எத்தனை பேரை வென்றிருப்பார் என்று. எமது பகுதியில் இந்தச் சொல்லை நான் அடிக்கடி கேட்கிறேன். இந்த வயதுக்காரர்களைப் போர் கொண்டுபோன காலம் முடிந்த பிறகும், இரவு வீதிகளில் மோட்டார் சைக்கிள்கள் கொண்டுபோகின்றன. சந்திகளில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது முகங்கள். செய்தி எழுதப் போனால் வீட்டார் அவன் என்னவாக வந்திருப்பான் என்பதையே சொல்வார்கள். நானும் அதையே எழுதிவிட்டு வருவேன்.

சான்செஸின் சண்டைகளைப் பார்த்த பிறகு வேறொரு கேள்வியும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். அவன் என்ன செய்தான்? எந்த அணிக்கு விளையாடினான், யாரிடம் தொழில் பழகினான், முதல் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன வாங்கி வந்தான்? கேட்டால் அம்மாமார் யோசிக்காமல் சொல்கிறார்கள். 23 வயது சின்ன வயதுதான். ஆனாலும் அதற்குள் எழுதி முடியாத அளவு நடந்திருக்கிறது.