கிளாத் மொனே என்னும் சித்திரக்காரர்

பிரான்ஸ் தேசத்துச் சித்திரக்காரருள் பெரும்புகழ் எய்திய கிளாத் மொனே என்பார் 1840ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் பிறந்தார். லெ ஆவர் என்னும் துறைமுகப் பட்டினத்தில் வளர்ந்த இவருக்கு, திறந்த வெளியில் நின்று இயற்கையை நேரே கண்டு எழுதும் முறையைக் கற்பித்தவர் பூதேன் என்னும் ஓவியர். 1874இல் இவரும் தோழரும் பாரிஸில் வைத்த படங்களைக் கண்டோர் பலர், அவை முற்றுப்பெறாதவை என்று நகைத்தனர்.

50 பிராயம் கடந்தபின், 1892இலும் 1893இலும், ரூவான் நகரத்துப் பேராலயத்தின் எதிரே அறை அமர்த்திக்கொண்டு, அதன் முகப்பைத் தைல வர்ணத்தில் தீட்டினார். கல் அசையாது நின்றது. அதன்மேல் விழும் ஒளியோ நாழிகைக்கு நாழிகை மாறிற்று. ஆகவே பல கித்தான்களை வரிசையாக வைத்து, ஒளி மாறுந்தோறும் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்தார். சிற்ப நுணுக்கங்களை வரம்பிட்டு எழுதப் பொழுதில்லை. தூரிகையைத் தளரவிட்டுத் தடித்த வர்ணத்தை அப்பினார். அருகே நோக்குவார்க்கு அவை வெறுந் திட்டுகள். அகன்று நோக்குவார்க்கோ காலைப் பனியும் நண்பகல் வெயிலுமாம்.

இவ்வேலை எளிதன்று. பேராலயம் நீலமும் மஞ்சளுமாய்த் தம்மேல் இடிந்து விழுவதாகக் கனவுங் கண்டு கலங்கினார். ஆயினும் 30க்கு மேற்பட்ட படங்களை எழுதி, ஜிவெர்னி இல்லத்தில் திருத்தி, 1895இல் 20 படங்களைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். முதுமையில் கண்புரையால் பார்வை மங்கியும் தூரிகையைக் கீழே வையாதவராய், 1926இல் உயிர் நீத்தார்.

புகழ் பெற்ற பின்னும் ஒரே சுவரின்முன் மாணாக்கராய் நின்ற இப்பெரியாரின் பொறுமை, கற்கும் பருவத்தினராகிய நமக்கு நன்கு பொருந்துவதாம்.