வினாடி எண்ணிய சிறுமி

நம் காலத்தில் களப்பயணம் என்றால் புளியோதரைப் பொட்டலமும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். மரியா மிட்செல் அம்மையாரிடம் படித்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை வேறு மாதிரி.

அமெரிக்காவில் நான்டக்கெட் என்ற தீவில் 1818-இல் பிறந்தவர். 1831-இல் ஒரு சூரிய கிரகணம். தகப்பனார் தொலைநோக்கியில் பார்க்க, 12 வயதுச் சிறுமி மரியா பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளை எண்ணிச் சொன்னாள். பிற்பாடு ஊர் நூலகத்தில் வேலை. பகலில் புத்தகம், ராத்திரியில் மொட்டைமாடி. 1847 அக்டோபர் 1-இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்து, டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கம் பெற்றார்.

1865-இல் வாஸர் பெண்கள் கல்லூரி தொடங்கியபோது வானியல் பேராசிரியை ஆனார். சம்பளம் மட்டும் ஆண் பேராசிரியர்களைவிடக் குறைவு. அம்மையார் சும்மா இருக்கவில்லை, கேட்டுப் போராடித்தான் வாங்கினார். கல்லூரி வானாய்வுக் கூடத்திலேயே தகப்பனாரோடு குடியிருந்தார். 1869 ஏப்ரலில் அவர் காலமானார். நாலே மாதம் கழித்து, ஆகஸ்ட் 7 முழுக் கிரகணத்துக்கு மாணவிகளை அயோவா மாநிலத்து பர்லிங்டனுக்கு ரயிலேற்றிக் கூட்டிப் போய்விட்டார். முழு இருட்டு மூன்று நிமிடம்கூட நீடிக்காது. வெயில் அடங்கிக் காற்று சில்லிடும் அந்த நேரத்தில் வாய் பிளந்து நின்றால் போச்சு. அவரவருக்குக் கொடுத்த வேலையைச் செய்தாக வேண்டும்.

1873-இல் பாஸ்டன் டாக்டர் எட்வர்ட் கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் ஆண்களுக்குச் சமமாக மூளையைக் கசக்கிப் படித்தால் உடம்பு கெட்டு, பிள்ளைப்பேற்றுக்கே பழுது வரும் என்பது அவர் கட்சி. புத்தகம் சக்கைப்போடு போட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் தயங்கினால் கல்லூரியின் கதி என்ன?

1878 ஜூலை 29-இல் கொலராடோ மாநிலத்து டென்வரில் முழுக் கிரகணம். அறுபதை எட்டும் வயதில், தங்கையும் பழைய மாணவிகளுமாக ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ 2000 மைல் கிளம்பினார். அரசாங்க உதவி கிடையாது, கைக்காசுதான். வழியில் இரண்டு ரயில் கம்பெனிகளின் சண்டையில், தொலைநோக்கியின் லென்சுகள் இருந்த பெட்டி ப்யூப்லோவில் மாட்டிக்கொண்டது! லென்சு இல்லாமல் என்ன பார்ப்பது? போதாததற்கு மேகம், மழை. நல்லவேளை, பெட்டி கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தது. 29-ஆம் தேதி வானமும் வெளுத்தது. ஊருக்கு வெளியே ஒரு மேட்டில், நீண்ட பாவாடை அணிந்த அந்தப் பெண்கள் கருவிகளோடு வெட்டவெளியில் நின்று கிரகணத்தைப் பதிவு செய்தார்கள். கிளார்க்குக்கு அம்மையார் மறுப்புப் புத்தகம் எழுதவில்லை.

1888-இல் ஓய்வு பெற்று, அடுத்த வருஷம் ஜூன் 28-இல் மறைந்தார். அவருடைய நாற்காலியில் அமர்ந்தவர் மேரி விட்னி. பர்லிங்டன் கிரகணத்தைப் பார்த்த மாணவிகளில் ஒருவர்.