தம் செவியிற் சோதித்த அறிஞர்

இரத்த அழுத்தம் அளக்கும் கருவியும், குருதியிற் சீனி பார்க்கும் கருவியும், செவிப்புலன் குன்றியோர் அணியும் கருவியும் இன்று எம் தர்மபுரத்து இல்லங்களிலும் புழங்குகின்றன. இவை யாவும் சிறு பற்றரியால் இயங்குவன. அப்பற்றரியை உலகுக்கு ஈந்த அலெசாந்திரோ வோல்ற்றாவின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம்.

வோல்ற்றா இத்தாலியின் கோமோ நகரில் 1745ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி பிறந்தார். நான்கு வயதுவரை பேசாதிருந்தமையால் வீட்டார் அவரை ஊமையோவென ஐயுற்றனர் என்பர். அப்பிள்ளையே பின்னர் பாவியாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இறந்த தவளையின் கால் உலோகம் பட்டுத் துடித்தல் கண்ட கல்வானி, உயிருடலிலேயே மின் உறைகின்றதென 1791இல் எழுதினார். வோல்ற்றா அதனை முதலில் ஏற்றார். பின்னர்த் தாமே சோதித்து, இருவேறு உலோகங்களின் சேர்க்கையே காரணமெனக் கொண்டார். வெள்ளித் தகட்டையும் நாகத் தகட்டையும் இணை இணையாக அடுக்கி, இணைகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டை வைத்து, தொடர்ந்து மின்னோட்டம் தரும் அடுக்கை ஆக்கினார். 1800ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி இலண்டன் றோயல் கழகத் தலைவருக்கு அதனை விவரித்து மடல் வரைந்தார்.

அம்மடலிலே மற்றுமொரு சோதனையும் உளது. முப்பது நாற்பது இணைகள் கொண்ட அடுக்கின் இரு முனைகளையும் தம் இரு செவிகளுட் சேர்த்தார். தலையில் ஓர் அதிர்ச்சி. பின்னர் ஏதோ குழம்பு கொதிப்பதுபோன்ற ஒலி. மூளைக்குக் கேடு நேருமென உணர்ந்து, அதனை மீண்டும் செய்தாரல்லர்.

சிறு பற்றரிதானே, என் செய்யும் என்பார் இதனைச் சிந்தித்தல் வேண்டும். உலர்ந்த தோல் மின்னைப் பெரிதுந் தடுக்கும். உடலுள்ளே அத்தடை இல்லை. ஆதலின், சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1977இல் முதன்முதல் வெளியிட்டுப் பின்னர்த் திருத்திவரும் நியமம், இதயத்தை நேரே தொடும் கருவியிலிருந்து நோயாளர்பாற் கசியும் மின்னை, வழமை நிலையில் ஓர் அம்பியரின் இலட்சத்தில் ஒரு கூற்றுக்கு மேற்போக விடுவதில்லை. பற்றரியைத் தலைகீழாய் இட்டாலும் தீங்கு விளையலாகாது என்கின்றது. கருவியிற் பழுதொன்று நேர்ந்த நிலையிலும் சோதிக்கச் சொல்கின்றது. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருத்துவக் கருவிகளைப் பதிவுக்கு உட்படுத்தியுள்ளது.

நெப்போலியனாற் கௌரவிக்கப்பெற்ற வோல்ற்றா 1827ஆம் ஆண்டு மார்ச் 5ஆந் திகதி காலமானார். 1881இல் மின்னழுத்த அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. பற்றரி தோறும் அப்பெயர் பொறிக்கப்படுகின்றது. கண்டறிந்த துணிவினும், தீங்கறிந்து கைவாங்கிய அறிவே பெரிதென்போம். நாளை கருவி செய்யவும் கையாளவும் போகும் எம் மாணாக்கர் அதனையும் கற்பாராக.