யார் இந்த லூகாஸ்? செய்யாத தப்புக்கு ‘இருட்டு இளவரசர்’ ஆன விளக்கு வியாபாரி

ஒரகடத்தில் கார் கம்பெனி வேலைக்குப் போகிற சென்னைக்காரர் ஒருவரிடம் ‘லூகாஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். பாடி பஸ் ஸ்டாப்பா என்று கேட்பார். அதே பெயரை, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஷெட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் அதோடு மல்லுக்கட்டுகிறவரிடம் சொன்னால் சிரிப்பார். இல்லையென்றால் பெருமூச்சு விடுவார். உலகம் முழுக்க அந்த கார்க்காரர்கள் லூகாஸுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘இருட்டு இளவரசர்’. ராத்திரியில் ஹெட்லைட் திடீரென்று அணைந்தால், மழையில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால், இண்டிகேட்டர் போட்டதும் ஹார்ன் அடித்தால், எல்லாப் பழியும் இவர் தலையில்தான்.

இதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. ஜோசப் லூகாஸ் இறந்தது 1902-ல். இந்தத் திட்டுக்குக் காரணமான கார்கள் வந்ததெல்லாம் அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. அவர் வாழ்நாளில் விற்றது எண்ணெய் விளக்கு!

தள்ளுவண்டியில் தொடங்கிய வாழ்க்கை

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1834 ஏப்ரல் 12 அன்று பிறந்தார் ஜோசப் லூகாஸ். பித்தளை, வெள்ளி, பொத்தான், பேனா நிப்பு என்று வீட்டுக்கு வீடு உலோகப் பட்டறை இருந்த ஊர் அது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அம்பத்தூர் எஸ்டேட் மாதிரி. எல்கிங்டன் என்ற வெள்ளி முலாம் பூசும் பெரிய நிறுவனத்தில் சின்ன வயதிலேயே வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். கல்யாணம் ஆனது, குழந்தைகள் பிறந்தார்கள். சம்பளம் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை.

1860 வாக்கில் வேலையை விட்டுவிட்டு ஹாக்லி பகுதித் தெருக்களில் சாமான் விற்க இறங்கினார். வாளி, மண்வெட்டி, துடைப்பம் மாதிரியான வீட்டுச் சாமான்கள். அதோடு முக்கியமான இன்னொன்று: பாரஃபின், அதாவது நம்ம மண்ணெண்ணெய் வகை. அப்போதுதான் வீட்டு விளக்குகளுக்கு அது சூடுபிடித்து வந்துகொண்டிருந்தது. எண்ணெய் வாங்குகிறவர்களுக்கு விளக்கும் தேவை. விளக்கு வாங்கியவர்கள் மறுபடி எண்ணெய்க்கு வந்தே ஆக வேண்டும். இன்றைய ஸ்டார்ட்அப் ஆட்கள் இதற்குப் பெரிய பெயர் வைப்பார்கள். லூகாஸுக்கு அது வெறும் தெரு வியாபாரம்.

வாங்கி விற்பதை விட்டு, சொந்தமாகவே விளக்கு செய்ய ஆரம்பித்தது 1870-களில். முதலில் கப்பல் விளக்கு. ஆனால் அவருக்குப் பணமும் பெயரும் தந்தது சைக்கிள். முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தட்டு சைஸ் என்று அந்தக் காலத்தில் ஒரு சைக்கிள் இருந்ததே, அதற்கு விளக்கு எங்கே மாட்டுவது என்பது நிஜமான பிரச்சினை. ஹேண்டிலில் மாட்டினால் தரை ரொம்ப தூரம். லூகாஸ் பட்டறையின் விளக்கு, பெரிய சக்கரத்துக்குள்ளேயே, நடு அச்சில் தொங்கியது. சக்கரம் சுற்றும், விளக்கு சுற்றாமல் நேராகத் தொங்கும். குலுங்குகிற ரோட்டில் எண்ணெய்ச் சுடரை அணையாமல் காப்பது சாதாரண வேலை இல்லை. அதற்கு வைத்த பெயர் ‘சாலையின் ராஜா’. அந்த ராஜாவைத்தான் பிற்காலத்தில் கிண்டல்காரர்கள் இருட்டுக்கு இளவரசர் ஆக்கினார்கள்.

மூத்த மகன் ஹாரி தொழிலுக்கு வந்தார். 1882-ல் ‘ஜோசப் லூகாஸ் அண்ட் சன்’ என்று கூட்டாண்மை ஆனது. அடுத்து சைக்கிள் அலை இங்கிலாந்தையே அடித்தது. விளக்கு, பெல், பம்ப் என்று சைக்கிளுக்குத் தேவையான எல்லாம் விற்றார்கள். 1897-ல் பங்குகள் வெளியிட்டு பொது நிறுவனமாக மாறியது. தெருவில் வாளி விற்றவருக்கு அப்போது வயது 63.

மனிதர் மதுவைத் தொடாதவர். கடைசியாக இத்தாலிக்குப் பயணம் போனபோது, நேப்பிள்ஸில் டைபாய்டு காய்ச்சல் வந்து 1902 டிசம்பர் 27 அன்று இறந்தார். 68 வயது. அப்போது லூகாஸ் விளக்குகள் எண்ணெயிலும் கேஸிலும்தான் எரிந்துகொண்டிருந்தன.

அப்புறம் எப்படி கார் வயரிங்?

முதல் உலகப் போர் ஒரு காரணம். இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது மேக்னெட்டோ என்ற கருவி. அதில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. 1914-ல் போர் வந்ததும் பிரிட்டனுக்கு ஜெர்மன் சரக்கு நின்றது. அந்த நேரத்தில் லூகாஸ் நிறுவனம் தாம்சன்-பென்னட் என்ற உள்ளூர் மேக்னெட்டோ கம்பெனியை வாங்கியது. மோரிஸ் கார்களுக்கு மின்சார பாகங்கள் தரும் ஒப்பந்தமும் கிடைத்தது. 1920-களில் ரோடாக்ஸ், சி.ஏ.வி. என்ற போட்டி கம்பெனிகளையும் விழுங்கியது. அதன் பிறகு பிரிட்டிஷ் காரின் பானெட்டைத் திறந்தால் டைனமோ, ஸ்டார்ட்டர், ஹெட்லைட், சுவிட்ச் என எங்கு பார்த்தாலும் லூகாஸ்.

கெட்ட பெயருக்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. எம்.ஜி., ட்ரையம்ஃப், ஜாகுவார் எல்லாவற்றிலும் ஒரே பெயர் பொறித்திருந்தால், எந்த காரில் எது கெட்டாலும் திட்டு ஒரே முகவரிக்குத்தான் போகும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஒரகடம் போகும் ரோடு வண்டலூரில் பிரிகிறது. அதற்குச் சற்று முன்னால், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஐ.டி. பார்க். அங்கே 1961-லிருந்து உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான். அதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஒன்று நம்ம ஊர் டாக்டர் வீட்டு வாசலில் நின்ற அண்ணன், இன்னொன்று ஊர் சுற்றிய தம்பி. அதே 1961-ல்தான் டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் சேர்ந்து பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்.ஸைத் தொடங்கின.

உண்மையில் எங்கே கோளாறு?

இனி கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள். காரில் பேட்டரியிலிருந்து பல்புக்கு ஒரு வயர்தான் போகும். திரும்பி வரும் பாதை காரின் இரும்பு உடம்பு. அதைத்தான் ‘எர்த்’ என்கிறோம். அந்த உடம்பும் வயர் முனையும் சேரும் இடத்தில் துரு, பெயிண்ட், தளர்ந்த போல்ட் எது வந்தாலும் பாதையில் தடை. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் திறந்த மேல்கூரை உள்ளவை. இங்கிலாந்து மழையைச் சொல்லவே வேண்டாம். வயர்களை இணைத்ததும் தோட்டா வடிவ முனையைக் குழாய்க்குள் தள்ளுகிற சாதாரண இணைப்புகள்தான். ஈரம் உள்ளே போனால் பச்சை பூத்துவிடும்.

ஒரு கணக்கு போடுவோம். 12 வோல்ட், 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். துருப்பிடித்த ஒரு இணைப்பில் 0.4 ஓம் தடை இருந்தால், சுமார் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். பல்புக்குக் கிடைப்பது 10 சொச்சம். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் பழைய இழை பல்பில் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும்! பல்பு நல்ல பல்பு, பேட்டரி நல்ல பேட்டரி. குற்றவாளி ஒரு துருப்பிடித்த போல்ட்.

கார் கம்பெனிகளின் கஞ்சத்தனமும் இருக்கிறது. ஆரம்பகால எம்.ஜி.பி. காரின் ஃபியூஸ் பெட்டியில் வேலை செய்தவை இரண்டே ஃபியூஸ்தான். ஒரு ஃபியூஸ் போனால் சம்பந்தமே இல்லாத நான்கு சாமான் சேர்ந்து படுக்கும். டைனமோவும் அப்படித்தான். அந்தக் காலத்தில் நிறைய கார்களில் இருந்த லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச வெளியீடு 22 ஆம்பியர். அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றினால் மட்டும். சிக்னலில் ஐட்லிங்கில் நின்றால் ஏறக்குறைய ஒன்றும் வராது, விளக்கு மங்கும். அது கோளாறே இல்லை, வடிவமைப்பே அப்படி.

லூகாஸ் பாகங்கள் மொத்தமும் தங்கம் என்று சொல்லவில்லை. சொதப்பலும் இருந்தது. ஆனால் 1951-க்கும் 1957-க்கும் இடையில் ஜாகுவார் ஐந்து முறை லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. ராத்திரி முழுக்க அந்த கார்கள் பறந்தது லூகாஸ் விளக்கை நம்பித்தான்.

ஒரே ஒரு சிவப்பு விளக்கு

இன்று காரில் கோளாறு வந்தால் ஸ்கேனரைச் செருகி கோடு எடுக்கிறோம். அந்த கார்களில் கம்ப்யூட்டர் கிடையாது. டேஷ்போர்டில் மின்சாரத்துக்கென்று ஒரு சின்ன சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதுவும் கோடுதான்.

அதன் ஒரு முனை பேட்டரி பக்கம், மறுமுனை டைனமோ பக்கம். இரண்டிலும் வோல்டேஜ் சமமானால் விளக்கு அணையும். சாவியைத் திருப்பியதும் எரிந்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைந்தால் எல்லாம் சரி. ஓடும்போது முழுசாக எரிந்தால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள், அறுந்திருக்கலாம். வேகத்திலும் மங்கலாகக் கண் சிமிட்டினால், நடுவில் ஏதோ இணைப்பில் வோல்டேஜ் கசிகிறது. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பல்பே போயிருக்கலாம்.

பழைய காரை முதல்முறை நோண்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். அந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் உடம்போடு இணைந்திருந்தது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. எம்.ஜி.பி.-யில் இது நெகட்டிவுக்கு மாறியது 1967-ல். தெரியாமல் இன்றைய வழக்கப்படி மாட்டி, ரேடியோவைப் புகைய வைத்தவர்கள் உண்டு.

கோடு வந்த கார்களிலும் விஷயம் பெரிதாக மாறிவிடவில்லை. பி0562 என்ற கோடுக்கு அர்த்தம், காரின் மின் வோல்டேஜ் குறைவு. அவ்வளவுதான் அது சொல்லும், எந்த பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. எங்கள் வீட்டுப் பழைய காரில் ஒரு நாள் ஏ.பி.எஸ்., ஏர்பேக், செக் இன்ஜின் மூன்றும் சேர்ந்து எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் சென்சார் மாற்றணும் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். இன்னொரு மெக்கானிக் அண்ணன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, முறுக்கி மாட்டினார். மூன்றும் அணைந்தது.

அவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். வண்டி ஓய்வில் இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். இன்ஜின் ஓடும்போது, ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை. அடுத்து, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பல்பின் எர்த் முனையிலும் வையுங்கள் (பழைய பாசிட்டிவ் எர்த் கார் என்றால் பேட்டரி பாசிட்டிவில்). கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்தப் பாதையில்தான் உங்கள் துரு ஒளிந்திருக்கிறது.

லூகாஸ் தாய் நிறுவனம் 1996-ல் அமெரிக்காவின் வேரிட்டியோடு இணைந்தது. சில ஆண்டுகளில் அதையும் டி.ஆர்.டபிள்யூ. வாங்கிவிட்டது. பாடி கம்பெனி 2001-ல் முழுக்க டி.வி.எஸ். கைக்கு வந்தது, பெயரை மட்டும் மாற்றவில்லை. தள்ளுவண்டியில் எண்ணெய் விற்றவரின் பெயரைச் சொல்லி, இன்றைக்கும் பாடியில் இறங்குகிறார்கள்.