ஒலியால் காணும் கண்

பேசத் தெரியாத குழந்தை தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதில்லை. அழும், பால் குடிக்க மறுக்கும், காய்ச்சலில் துவளும். அதன் சிறுநீரகத்தில் குறை இருந்தால் பெற்ற தாய்க்கும் அது தெரிவதில்லை. ஆனால் இன்று மருத்துவர் கத்தி எடுக்காமல், ஊசி போடாமல், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அந்தச் சின்னஞ்சிறு உறுப்பைத் திரையில் பார்த்து விடுகிறார். காதுக்குக் கேட்காத ஒலியும் ஒரு கண்ணாக முடியும் என்ற உண்மையின் வாசல்வரை உலகை அழைத்து வந்தவர், 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அவர்தாம் லாசரோ ஸ்பாலன்சானி.

இளமையும் கல்வியும்

இத்தாலி நாட்டின் வட பகுதியில் ஸ்காண்டியானோ என்னும் சிற்றூரில் 1729ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஸ்பாலன்சானி பிறந்தார். தந்தை வழக்கறிஞர். இளமையில் ரெஜியோ நகரில் இயேசு சபைக் குருக்களிடம் கல்வி பயின்றார். மகனும் தம்மைப் போலவே வழக்கறிஞராக வேண்டும் என்று விரும்பிய தந்தை, அவரைப் புகழ்பெற்ற பொலோனியா பல்கலைக் கழகத்துக்குச் சட்டம் படிக்க அனுப்பினார்.

அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. மாற்றியவர் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. லாரா பாஸி என்னும் அம்மையார் ஸ்பாலன்சானியின் உறவினர். அதே பல்கலைக் கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். பெண்கள் உயர் கல்வி பெறுவதே அரிதாக இருந்த அக்காலத்தில், 1732ஆம் ஆண்டிலேயே முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தவர். அவருடைய தூண்டுதலால் ஸ்பாலன்சானியின் மனம் சட்டத்தை விட்டு இயற்கை அறிவியலை நாடியது. தந்தையும் இறுதியில் இசைந்தார். பின்னர் ஸ்பாலன்சானி குருப்பட்டம் பெற்றார். இறைவனுக்கு ஊழியம் செய்வதும் இறைவனின் படைப்பை ஆராய்வதும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றவில்லை. 1769ஆம் ஆண்டு முதல் இறக்கும் வரை பாவியா பல்கலைக் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

ஆராய்ச்சிகள்

கேட்டதை அப்படியே நம்பாமல், செய்து பார்த்துத் தெளிவதே அவருடைய வழக்கம். அழுகும் பொருளிலிருந்து நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். ஸ்பாலன்சானி இறைச்சிச் சாற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் இட்டு, காற்றுப் புகாமல் மூடி, நெடுநேரம் கொதிக்க வைத்தார். அவற்றில் உயிர்கள் தோன்றவில்லை. இம்முடிவை 1765ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிற்காலத்தில் லூயி பாஸ்டர் நிலைநாட்டிய உண்மைக்கு இது முன்னோடியாக அமைந்தது.

உணவு எப்படிச் செரிக்கிறது என்பதை அறிய, சிறு துணிப் பைகளில் உணவை வைத்துத் தாமே விழுங்கிப் பார்த்தார். இரைப்பையில் சுரக்கும் நீரே உணவைக் கரைக்கிறது என்பதை இவ்வாறு தெளிவுபடுத்தினார். பிறரைத் துன்புறுத்துவதற்கு முன் தம் உடலையே சோதனைக் கூடமாக்கிய அவருடைய துணிவு வியப்பைத் தருகிறது.

வௌவால் சொன்ன புதிர்

1793ஆம் ஆண்டு. ஸ்பாலன்சானிக்கு வயது 64. அவர் வளர்த்த ஆந்தை, அறையின் மெழுகுவத்தி அணைந்ததும் சுவரில் முட்டிக் கொண்டது. வௌவால்களோ அதே இருளில் எதிலும் மோதாமல் பறந்தன. ஏன் இந்த வேறுபாடு? இக்கேள்வி அவரைத் தூங்க விடவில்லை.

வௌவால்களின் பார்வையைப் போக்கிப் பறக்க விட்டார். அப்பொழுதும் அவை தடுமாறவில்லை. பாவியா பேராலயத்தின் மணிக்கூண்டில் வாழ்ந்த வௌவால்களில் சிலவற்றைப் பிடித்துக் குருடாக்கி விடுவித்தார். பின்னர் விடியற்காலையில் மீண்டும் பிடித்து ஆராய்ந்தார். அவற்றின் வயிறு மற்ற வௌவால்களுடையதைப் போலவே பூச்சிகளால் நிறைந்திருந்தது. கண் இல்லாமலே அவை வேட்டையாடியிருந்தன! இத்தகைய கொடிய சோதனையை இன்று நம் மனம் ஏற்காது. ஆனால் அக்கால அறிவியல் இவ்வாறுதான் நடந்தது.

இச்செய்தியை அறிந்த ஜெனிவா நகர மருத்துவர் லூயி ஜூரின், 1794ஆம் ஆண்டில் வௌவால்களின் காதுகளை அடைத்துப் பார்த்தார். உடனே அவை எதிர்ப்பட்டவற்றில் எல்லாம் மோதின. ஸ்பாலன்சானி தாமும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, வௌவால் காதின் துணையாலேயே வழி அறிகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வௌவால் பறக்கும்போது எந்த ஒலியும் கேட்கவில்லையே! ஒலியே இல்லாதபோது காது எதைக் கேட்கிறது? இதற்கு அவரால் விடை காண முடியவில்லை. குவியே போன்ற பேரறிஞர்கள் வௌவால் இறக்கையின் தொடு உணர்வால்தான் பறக்கிறது என்று கூறிவிட்டனர். உலகம் ஸ்பாலன்சானியின் புதிரை ஏறத்தாழ மறந்தே போனது.

இறுதி நாட்கள்

முதுமையில் ஸ்பாலன்சானியைச் சிறுநீர்ப்பை நோய் வாட்டியது. உடலுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை வெளியிலிருந்து காண அன்றைய மருத்துவர்களிடம் எந்த வழியும் இல்லை. 1799ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தமது 70ஆம் வயதில், பாவியாவில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் இறந்த பிறகே மருத்துவர்கள் அந்தச் சிறுநீர்ப்பையை எடுத்து ஆராய முடிந்தது. பாவியா பல்கலைக் கழக அருங்காட்சியகத்தில் அது பாதுகாத்து வைக்கப்பட்டுள்ளது. கேட்காத ஒலியின் புதிரை உலகுக்கு விட்டுச் சென்றவரின் உயிரைப் பறித்தது, அந்த ஒலியால் இன்று எளிதில் காணக்கூடிய ஓர் உறுப்பின் நோய்! இதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

விடை கிடைத்த கதை

மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் மீயொலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே பறக்கின்றன என்பதை 1938ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் டொனால்டு கிரிஃபினும் அவருடைய துணைவர்களும் கருவிகளால் மெய்ப்பித்தனர். 140 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த புதிர் அவிழ்ந்தது.

மீயொலியை மனிதன் உண்டாக்கியது வேறொரு வழியில். மேரி கியூரி அம்மையாரின் கணவர் பியரும் அவருடைய அண்ணன் ஜாக்கும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதை 1880ஆம் ஆண்டில் கண்டனர். பியரின் மாணவர் லாஞ்செவின் முதல் உலகப் போரின்போது அத்தகைய படிகத்தைக் கொண்டு மீயொலியை எழுப்பி, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்றார். நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமனும் இத்துறையில் பங்கு கொண்டார். திரவத்தில் செல்லும் மீயொலி அலைகள் ஒளியை எவ்வாறு சிதறச் செய்கின்றன என்பதை 1935, 1936ஆம் ஆண்டுகளில் அவரும் நாகேந்திர நாத்தும் விளக்கினர். ஸ்காட்லாந்தில் இயான் டொனால்டு என்னும் மருத்துவர், உலோகத்தில் விரிசல் காண உதவிய மீயொலிக் கருவியை நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்து, 1958ஆம் ஆண்டில் கருவிலுள்ள குழந்தையின் படத்தை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்கேன்.

குழந்தைகளுக்குக் கிடைத்த வரம்

பிறந்த குழந்தையின் சிறுநீரகம் ஏறக்குறைய நான்கு முதல் ஐந்து செண்டிமீட்டர் நீளமே இருக்கும். தோலின்மேல் களிம்பு தடவிக் கருவியை வைத்ததும், உள்ளே சென்ற ஒலி எதிரொலித்துத் திரும்புகிறது. ஐந்து செண்டிமீட்டர் ஆழம் சென்று மீள, ஒரு வினாடியில் ஏறத்தாழ பதினையாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தைக் கணக்கிட்டே கருவி படம் வரைகிறது. எக்ஸ் கதிர் இல்லை. மயக்க மருந்து வேண்டாம். குழந்தை தாயின் மடியிலேயே இருக்கலாம்.

சிறுநீரகம் இரண்டும் உள்ளனவா, அளவு சரியா, அடைப்பினால் நீர் தேங்கி வீங்கியுள்ளதா, கல் உள்ளதா என்பவற்றை ஸ்கேன் காட்டும். ஆயினும் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை அது முழுமையாகக் கூறாது. அதற்குச் சிறுநீர்ச் சோதனையும் இரத்தச் சோதனையும் வேண்டும். சளி, இருமல் ஏதுமின்றிக் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கக்கூடும். அதைக் கவனியாது விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு ஏற்பட்டு, பிற்காலத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் அது காரணமாகலாம். எனவே நம் ஓரிக்கை போன்ற ஊர்களில் உள்ள தாய்மார்கள், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடாமல், அருகிலுள்ள மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் சிறுநீரக நோய்க்கெனத் தனிப் பிரிவே உள்ளது.

அன்புத் தோழியரே! மணிக்கூண்டில் வௌவாலைத் தேடிச் சென்ற அந்தக் குருவானவர், தம் கேள்வியால் யாருக்கு என்ன பயன் என்று அறிந்திருக்கவில்லை. விடை தெரியாதபோதும், தாம் கண்டதை மறைக்காமல், மாற்றாமல் எழுதி வைத்தார். வகுப்பில் ஏன் என்று கேட்க நாணுகின்ற நாமும், உண்மையாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி என்றேனும் ஓர் உயிரைக் காக்கும் என்பதை நினைவில் கொள்வோம். கேட்போம், தேடுவோம், நம்மிடம் ஒப்படைக்கப்படும் சிறுவர்களின் நலம் காப்போம்!