காயத்தைப் பாட்டாக்கிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை



நமது அவிநாசிபாளையம் வட்டாரத்தில் பனியன் கம்பெனியையும் விசைத்தறியையும் நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். பல ஆண்டுகள் உழைத்த இடத்திலிருந்து ஒருவரை ஒரே நாளில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டால், அவர் வீட்டுக்கு எடுத்துவருவது சம்பளப் பாக்கி மட்டும் அல்ல. நாலுபேர் முன்னால் கேட்ட ஒரு சுடுசொல்லும் கூடவே வருகிறது. பணம் செலவாகிவிடும். அந்தச் சொல் ஆண்டுக்கணக்கில் நெஞ்சுக்குள் கிடந்து புகையும். இத்தகைய காயத்தோடு எப்படி வாழ்வது? விடை தேடும் நமக்கு, நம் கத்தோலிக்கத் திருச்சபையின் மகனாகிய வேதநாயகம் பிள்ளையின் வாழ்வு வழிகாட்டுகிறது.

இவர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று நீதிமன்றப் பணியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக விளங்கினார். லஞ்சத்தை அறவே வெறுத்தார். சட்டம் ஏழைக்கும் புரிய வேண்டும் என்று விரும்பி, ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டார்.

இவ்வளவு நேர்மையாக உழைத்தவருக்கு என்ன கிடைத்தது? மேலதிகாரியாக இருந்த ஆங்கிலேய நீதிபதியோடு ஏற்பட்ட பிணக்கினால், 1872-இல் அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அப்போது அவருக்கு 50 வயதுகூட ஆகவில்லை. தீர்ப்பு வழங்கிவந்தவருக்கே நீதி மறுக்கப்பட்டது போன்ற நிலை! நான்கு ஆண்டுகளில் மற்றொரு துயரம். அவர் மீது குளத்துக்கோவை பாடிய உயிர் நண்பர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1876-இல் காலமானார்.

அதே 1876-இல் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் தாக்கியது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். தமக்கு நேர்ந்த அநீதியை எண்ணிக் கதவை அடைத்துக்கொண்டு இருந்திருக்கலாம் வேதநாயகம் பிள்ளை. அவரோ கதவைத் திறந்தார். தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அந்த ஈகையைக் கண்டு, அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். பாடியவர் சைவர், பாடப்பட்டவர் கிறிஸ்தவர். பசித்த வயிற்றின் முன்னால் அந்த வேறுபாடு ஒரு தடையாக நிற்கவில்லை.

அந்நாட்களில் வேதநாயகம் பிள்ளையும் பாடினார். 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்னும் நூலில், எச்சமயத்தாரும் ஒரே இறைவனை நோக்கிப் பாடத்தக்க பாடல்களைத் தந்தார். பஞ்சத்தின் கொடுமையை இறைவனிடம் முறையிடும் பாடல்கள் அவற்றில் உண்டு. லஞ்சம் வாங்கும் அதிகாரிகளைக் கண்டிக்கும் பாடல்களும் உண்டு. திருப்பாடல்களை இயற்றியவர்கள் கடவுளிடம் மனம்விட்டுப் புலம்பியதைப் போலவே இவரும் செய்தார். வலியை மறைக்கவில்லை, அதே நேரத்தில் அதைப் பழிவாங்கும் வெறியாக வளர்க்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு, 1879-இல், தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. பதவி இழந்த மனிதர் எழுதிய நூல் கசப்பும் கண்ணீருமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பும் வேடிக்கையும்! அதில் ஞானாம்பாள் என்ற பெண் ஆண் வேடமிட்டு ஒரு நாட்டை ஆளுகிறாள், நீதியோடு ஆளுகிறாள். நீதிமன்றத்தை விட்டு வெளியேறியவர், தாம் விரும்பிய நீதியை ஒரு பெண்ணின் கையில் கொடுத்துப் பார்த்தார்.

அன்புக்குரியவர்களே, மனக்காயம் ஆறுவது என்றால் நடந்ததை மறந்துவிடுவது என்று பலர் எண்ணுகிறோம். அநியாயத்தைச் சகித்துக்கொண்டு வாய்மூடி இருப்பதே கிறிஸ்தவப் பொறுமை என்றும் சிலர் நினைக்கிறோம். வேதநாயகம் பிள்ளை வாய்மூடி இருக்கவில்லை. நியாயத்தைத் தொடர்ந்து பேசினார். ஆனால் தம் கதையை மட்டுமே பேசிக்கொண்டிருக்கவில்லை. அடுத்தவரின் பசி அவர் கண்ணில் பட்டது. காயம் ஆறத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

அன்னை மரியாவைப் போற்றித் தேவமாதா அந்தாதியும் பெரியநாயகி அம்மாள் பதிகமும் பாடிய அவர், 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் இழந்த பதவியை நினைப்பவர் இன்று எவரும் இல்லை. அதற்குப் பிறகு அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்றும் இசை மேடைகளில் ஒலிக்கின்றன.

நம் எல்லோருக்கும் பாட்டெழுத வராது. ஆனால் இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில், வேலையிழந்து தலைகுனிந்து வரும் ஒருவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்வதை முழுவதும் கேட்க நம்மால் முடியும். அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று விசாரிக்கவும் முடியும். அங்கே நம் சொந்தக் காயத்துக்கும் மருந்து கிடைக்கும்.

காயம்பட்ட கரங்களோடு உயிர்த்தெழுந்த ஆண்டவர் நம் அனைவரையும் குணமாக்குவாராக!