பி.பி.வாடியா: தலைவரை கோர்ட்டுக்கு இழுத்த பின்னி மில் வழக்கு... கூட்டு கேஸில் சேரும் முன் இவரை ஏன் தெரிஞ்சுக்கணும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ சம்பள பாக்கி, போனஸ், வேலைநீக்கம் என்று பிரச்னை வந்தால், ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு பேப்பர் கைமாறும். எல்லோரும் சேர்ந்து கேஸ் போடப் போகிறோம், நீயும் கையெழுத்து போடு என்பார்கள். போட்டால் வேலைக்கு ஆபத்து வருமா? போடாவிட்டால் ஜெயிக்கும்போது நமக்குப் பங்கு இல்லாமல் போய்விடுமா?

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்தது இல்லை. சென்ட்ரலில் இருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயில் பெரம்பூரைத் தாண்டித்தான் போகிறது. அந்தப் பெரம்பூரில் நூறு வருஷத்துக்கு முன்பு, பல ஆயிரம் தொழிலாளர்களின் பிரச்னை கடைசியில் ஒரு சில பேரின் தலையில் வழக்காக விழுந்தது. அந்தச் சிலரில் முக்கியமானவர் பி.பி.வாடியா.

யார் இந்த வாடியா?

பஹ்மன் பெஸ்டன்ஜி வாடியா, 1881 அக்டோபர் 8-ம் தேதி பம்பாயில் பிறந்த பார்சிக்காரர். ஜவுளி வியாபாரக் குடும்பம். தொழிலாளர் தலைவர் ஆவதற்கான அறிகுறி எதுவும் அந்த வீட்டில் இல்லை. இளம் வயதிலேயே பிரம்மஞான சபையில் ஈடுபாடு வந்தது. 1908-ல் அடையாறுக்கு வந்துவிட்டார். அங்கே அன்னி பெசன்ட்டுடன் சேர்ந்து நியூ இந்தியா பத்திரிகையில் வேலை, பிறகு ஹோம் ரூல் இயக்கம். 1917-ல் பெசன்ட், அருண்டேல், வாடியா மூவரையும் அரசு ஊட்டியில் காவலில் வைத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்ப, சில மாதங்களில் விடுதலை.

அடுத்த வருஷம்தான் திருப்பம். பெரம்பூரில் பக்தி சொற்பொழிவுகள் நடத்தும் ஒரு சபை இருந்தது. அதை நடத்தியவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். சபைக்கு வருகிற மில் தொழிலாளர்கள் அவர்களிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். விடிந்தும் விடியாமலும் உள்ளே போனால் இருட்டும்போதுதான் வெளியே வர முடியும். மதியம் சாப்பிடக்கூட போதிய நேரம் கிடையாது. இதை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்று அந்த இரண்டு பேரும் நியூ இந்தியா அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே அகப்பட்டவர் வாடியா.

1918 ஏப்ரல் 27-ல் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். தலைவர் வாடியா. துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க.

வழக்கு எப்படி வந்தது?

பக்கிங்ஹாம், கர்நாட்டிக் என்ற இரண்டு மில்களையும் நடத்தியது பின்னி நிறுவனம். அதனால்தான் சென்னைவாசிகளுக்கு அது இன்னமும் பின்னி மில். 1920 அக்டோபரில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் மோதல் முற்றி, மில் கதவு மூடப்பட்டது. லாக்-அவுட்.

அடுத்து கம்பெனி போனது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. தொழிலாளர்கள் வேலை ஒப்பந்தத்தை மீறுவதற்கு இவர்கள்தான் தூண்டினார்கள் என்று வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள் மீது நஷ்டஈடு கேட்டு வழக்கு. இனி அப்படித் தூண்டக்கூடாது என்று தடை உத்தரவும் வந்தது. அன்றைக்கு தொழிற்சங்கத்துக்கு என்று தனிச் சட்டமே கிடையாது. ஆகவே சங்கத்தின் பேரில் செய்த காரியத்துக்கும் தலைவர்கள்தான் சொந்த சொத்தோடு பதில் சொல்ல வேண்டும்.

1921 தொடக்கத்தில் சமரசம் பேசி முடிக்கப்பட்டது. வாடியா சங்கத்தில் இருந்து விலக வேண்டும், கம்பெனி வழக்கை விட்டுவிடும். தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் முன்னணியில் நின்ற சிலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மொத்த கதையிலும் மனசில் தைக்கிற இடம் இதுதான். பேச்சுவார்த்தை மேஜைக்குப் பக்கத்திலேயே வராத ஒருத்தரின் சோறு அந்த மேஜையில் முடிவானது.

இதன் எதிரொலி டெல்லி வரை போனது. 1921 மார்ச்சில் என்.எம்.ஜோஷி சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் மீதும் நிர்வாகிகள் மீதும், வாடியா மீது போட்டது போன்ற வழக்கைப் போட முடியாது என்பது அதன் முக்கியமான அம்சம். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பாதுகாப்பு அதிலும் தொடர்கிறது.

இன்றைக்கு கையெழுத்து போடுபவர் என்ன பார்க்கணும்?

முதலில், கைக்கு வரும் பேப்பர் எந்த வகை என்று பார்க்க வேண்டும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் கட்டளை 1, விதி 8 என்று ஒன்று இருக்கிறது. ஒரே பிரச்னை உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ கோர்ட் அனுமதியுடன் வழக்கு நடத்தலாம். கையெழுத்தே போடாதவரையும் அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும். சென்னை அசோக் நகர் வீட்டுவசதி வாரிய ஒதுக்கீட்டாளர்கள், கூடுதல் விலை கேட்டதை எதிர்த்து இப்படித்தான் சேர்ந்து போனார்கள். இந்த முறையில் வழக்கு போட்டது செல்லும் என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வாடியா காலத்திலும் இந்த விதி இருந்தது. ஆனால் 1976 திருத்தத்தில்தான் முக்கியமான ஒரு பூட்டு போட்டார்கள். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுக்காமல் வழக்கை வாபஸ் வாங்கவோ சமரசம் செய்யவோ முடியாது. நம் பெயரில் நடக்கும் வழக்கில் நாமும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளும்படி கோர்ட்டைக் கேட்கலாம்.

தொழில் தகராறு என்றால் கணக்கு வேறு. தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போடுவதை ஆலைகளில் 12(3) ஒப்பந்தம் என்பார்கள். அது சங்கத்தில் இல்லாதவர் உட்பட எல்லோரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தனியாகப் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் அதில் சேர்ந்த தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும். எண்கள் பழைய சட்டத்தில் உள்ளவை, வேறுபாடு புதியதிலும் இருக்கிறது. ஆக, யார் கேஸ் போடுகிறார்கள் என்பதோடு, யார் சமரசத்தில் கையெழுத்து போடுவார்கள், அதற்கு முன் கூட்டம் போட்டுக் கேட்பார்களா, செலவு யாருடையது என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

பழிவாங்கல் பயம்? தகராறு விசாரணையில் இருக்கும்போது, அதோடு தொடர்புடைய காரணத்துக்காக ஒரு தொழிலாளியை நீக்க நிர்வாகம் முன் அனுமதி வாங்க வேண்டும். பேப்பரில் இது பலமான பாதுகாப்பு. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு நாளையில் இருந்து வராதே என்று ஒரு போன் வந்தால் போதும், தான் அங்கே வேலை பார்த்ததையே அவர் நிரூபிக்க வேண்டிய நிலை வரும். சம்பளச் சீட்டு, பி.எஃப் எண், கேட் பாஸ் நகல் ஆகியவற்றை கையெழுத்துக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வாடியா என்ன ஆனார்?

தொழிற்சங்கப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சங்கம் பற்றிய அவருடைய பேச்சுகள் லேபர் இன் மெட்ராஸ் என்ற நூலாக 1921-ல் வந்தன. 1922-ல் அடையாறு சபையையும் விட்டு விலகி அமெரிக்கா போனார். 1929-ல் இந்தியா திரும்பிய பிறகு மிச்ச வாழ்க்கை முழுவதும் ஆன்மிகமும் எழுத்தும்தான். பெங்களூரில் இந்திய உலகப் பண்பாட்டுக் கழகத்தை உருவாக்கினார். 1958 ஆகஸ்ட் 20-ம் தேதி அங்கேயே இறந்தார். அவர் மீது வழக்கு போட்ட மில், அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடி 1990-களில் மூடப்பட்டது.